வௌவாலைப் பார்க்க இரவில் வர வேண்டும்

எந்தப் பெரிய தொழிற்சாலைக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினாலும், உயிரினங்கள் பற்றிய பகுதியில் அநேகமாக ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆய்வுப் பகுதியில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் எதுவும் காணப்படவில்லை என்பதே அந்த வரி. என் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்கடலோரத் திட்டங்களின் அறிக்கைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். திட்டம் மாறுகிறது, நிறுவனம் மாறுகிறது, ஆலோசகர் மாறுகிறார். அந்த வரி மட்டும் மாறுவதில்லை.

"காணப்படவில்லை" என்று எழுதப்படுவதை அதிகாரிகள் "இல்லை" என்று வாசிக்கிறார்கள். பார்த்தவர் யார், எந்த நேரத்தில் பார்த்தார், எத்தனை நாள் பார்த்தார், உள்ளூரில் யாரைக் கேட்டார் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. இந்தக் கட்டுரை வௌவால்களைப் பற்றியதுதான். ஆனால் வௌவால்களை மட்டும் பற்றியதல்ல. ஓர் இடத்தில் யார் வாழ்கிறார்கள் என்று எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியது. சாதி ஒழிப்பைப் பேசுகிற நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சூழலியல் களத்திலும் அதைக் கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

தூத்துக்குடியின் பனங்காட்டையும் உப்பளத்தையும் தேரிக்காட்டையும் வௌவால் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. பனையின் காய்ந்த மட்டைகளுக்கு இடையே சிறிய பூச்சியுண்ணி வௌவால்கள் தங்குகின்றன. ஆலிலும் புளியிலும் இலுப்பையிலும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்குகின்றன. பாழடைந்த கிணறுகளும் பழைய கோயில் மண்டபங்களும் வேறு சில இனங்களுக்கு வீடு. ஒரு மொட்டைப் பனையை வெட்டினால் ஒரு மரம் குறைந்தது என்றுதான் கணக்கு எழுதுகிறோம். அதில் எத்தனை உயிர்கள் தங்கியிருந்தன என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வௌவாலைப் பற்றிய அறிவியல் எங்கோ வெளிநாட்டில் மட்டும் வளர்ந்ததல்ல. குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் ஆண், சிறு தண்டுகளைக் கடித்து நீக்கிக் கூடாரம் போன்ற தங்குமிடத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது. இதைப் பக்கத்துப் பாளையங்கோட்டையில் நடந்த ஆய்வுகள் 1990-களில் உலகிற்குச் சொல்லின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வௌவால் ஆய்வுகள் உலக அளவில் அறியப்பட்டவை. ஆக, வௌவாலை எப்படிப் பார்ப்பது என்று அறிந்தவர்கள் தென்மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். அறிவு இருந்தும் அறிக்கையில் அது ஏன் ஏறவில்லை?

ஒழிக்கத்தக்கவை என்றொரு பட்டியல்

முதல் காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்குயிர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட, யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று விடப்பட்ட உயிர்களின் பட்டியல் அது. காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்களும் அதில் இருந்தன. விதைகளைப் பரப்பும், இரவில் பூக்கும் மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் ஓர் உயிரினம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சட்டப்படி ஒழிக்கத்தக்கதாக இருந்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த அட்டவணை நீங்கியது.

இதன் நடைமுறை விளைவைப் பாருங்கள். ஒரு திட்டப் பகுதியில் முதல் அட்டவணை உயிரினம் இருந்தால், அதற்கெனத் தனிப் பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கும்படி நிறுவனத்திடம் கேட்கப்படும். அதற்குச் செலவு உண்டு, தாமதம் உண்டு. அந்த அட்டவணைக்கு வெளியே உள்ள உயிரினத்திற்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருந்தும், பழைய சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை இரண்டே இரண்டு. சலீம் அலி பழந்தின்னி வௌவால் அவற்றில் ஒன்று.

அந்த வௌவாலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்ற பெயர்ச்சீட்டோடு கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லொங்யா 1972-இல் அது உலகம் அறியாத வேறொரு பேரினம் என்று கண்டறிந்து, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். 24 ஆண்டுகள் கையிலேயே வைத்திருந்தும் என்னவென்று தெரியவில்லை. அப்படியிருக்க, ஒரு பருவத்தில் சில நாட்கள் பகலில் நடந்து பார்த்துவிட்டு "எதுவும் இல்லை" என்று எழுதுவதை எந்த அளவுக்கு நம்ப முடியும்?

சலீம் அலி வௌவால் தூத்துக்குடிச் சமவெளியில் வாழ்வதில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர். கடலோரத்தில் இருப்பவை பெரும்பாலும் பரவலாகக் காணப்படும் இனங்களே. ஆனால் பரவலாக இருப்பது என்றைக்கும் பரவலாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரிய பழந்தின்னி வௌவால் பொதுவாக ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். ஒரு தோப்பு அழிந்தால் அந்தக் கூட்டம் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அரிதான உயிருக்கு மட்டும் பதிவு, மற்றவைக்குப் பதிவே தேவையில்லை என்ற நிலையில், எது எப்போது அரிதானது என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.

காகிதத்தில் காணாமல் போன கடல்

இரண்டாவது காரணம் தொழிற்சாலைக்கு அனுமதி தரும் முறை. இதற்குத் தூத்துக்குடியைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

மகாராட்டிர மாநிலம் ரத்னகிரியில் விவசாயிகள் எதிர்த்து விரட்டிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு 1994-இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவ்வாண்டு அளித்த தடையின்மைச் சான்றில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளிலிருந்து ஆலை 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்திற்கு மரங்கள் அடர்ந்த பசுமை வளையம் அமைக்க வேண்டும்.

பசுமை வளையத்திற்கு என்ன ஆனது? நிறுவனம் குறைக்கச் சொல்லிக் கேட்டது. வாரியம் 250 மீட்டரை 25 மீட்டர் ஆக்கியது. பத்தில் ஒரு பங்கு. மரங்கள், மரங்களில் தங்கும் பறவைகள், வௌவால்கள், அந்த மரங்கள் வடிகட்டியிருக்க வேண்டிய தூசியும் புகையும், அதற்கு அப்பால் மீளவிட்டானிலும் குமாரரெட்டியாபுரத்திலும் பண்டாரம்பட்டியிலும் மூச்சு விடும் மனிதர்கள் – இத்தனைக்கும் சேர்த்து 25 மீட்டர்.

25 கிலோமீட்டர் நிபந்தனைக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கும் அறிவிக்கை 1986-இல் வந்தது. அவற்றில் வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் ஆலையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருப்பவை. சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பரில் ஆலையை மூட உத்தரவிட்டபோது இதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 1986-இல் வந்தது பூங்கா அமைக்கும் நோக்கத்தை அறிவித்த அறிவிக்கை மட்டுமே, இறுதி அறிவிக்கை வெளியாகவில்லை என்று அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. மாசுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துவிட்டு, ஆலை தொடர்ந்து இயங்க அனுமதித்தது. பவளப்பாறைகள் கடலில் இருந்தன. கடற்பசுக்கள் இருந்தன. முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. காகிதத்தில் மட்டும் இல்லை. எனவே இல்லை.

வௌவால் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்ததும், தீவுகள் இறுதி அறிவிக்கையில் இல்லாமல் போனதும், 250 மீட்டர் 25 ஆனதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முதலில் ஓர் இடத்தை வெற்றிடம் என்று எழுதுகிறார்கள். பிறகு வெற்றிடத்தில் கட்டுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். தரிசு, புறம்போக்கு, காலி நிலம் என்ற வருவாய்த்துறைச் சொற்கள் இதற்கு உதவுகின்றன. ஆடு மேய்ப்பவருக்கும் விறகு பொறுக்குபவருக்கும் பனையேறிக்கும் வாழ்வு தந்த நிலம் வரிக்கணக்கில் பயனற்ற நிலம்.

2018 மே 22 அன்று, நூறாவது நாள் போராட்டத்தில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள், மே 23 அன்று, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இரண்டாவது உருக்காலையின் கட்டுமானத்தை நிறுத்தி, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்பு மக்கள் கருத்துக் கேட்பு நடத்தும்படி உத்தரவிட்டது. மக்களிடம் கருத்துக் கேளுங்கள் என்ற ஓர் உத்தரவு வருவதற்கு முந்தைய நாள் அத்தனை உயிர்கள் போயிருந்தன. ஆலையை மூடிய அரசின் ஆணையை 2020-இல் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. இது மக்கள் பெற்ற வெற்றி. ஆனால் அந்த ஆலையை அங்கே கொண்டு வந்த மதிப்பீட்டு முறை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த திட்டமும் அதே வழியில்தான் வரும்.

இரவில் விழித்திருப்பவர்கள்

மூன்றாவது காரணத்திற்கு வருகிறேன். எனக்கு இதுவே முதன்மையானது.

வௌவாலைக் கணக்கெடுக்க ஒழுங்கான முறைகள் உண்டு. தங்குமரங்களைப் பகலில் அடையாளம் கண்டு, அந்தியில் வெளியேறும்போது எண்ண வேண்டும். பூச்சியுண்ணி வௌவால்கள் எழுப்பும் மீயொலியைக் கருவியால் பதிந்து இனம் பிரிக்க வேண்டும். கிணறு, மண்டபம், பாலத்தின் அடிப்பகுதி, பழைய கட்டடம் எல்லாவற்றிலும் இறங்கிப் பார்க்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, குட்டி ஈனும் காலத்தில் ஒரு முறை என்று ஆண்டு முழுக்கப் பார்க்க வேண்டும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கையை ஒட்டிய நடைமுறையில், பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்தின் தரவு போதும். ஆய்வு செய்யும் ஆலோசக நிறுவனத்திற்குப் பணம் கொடுப்பதோ திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே.

என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். தூத்துக்குடி அளங்களில் வெயிலுக்குப் பயந்து வேலை நள்ளிரவு தாண்டியே தொடங்கிவிடும். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பாத்திக்குள் இறங்கும் பெண்கள்தான், விளக்கு வெளிச்சத்துப் பூச்சிகளை வௌவால்கள் எப்படி வளைத்து வளைத்துப் பிடிக்கின்றன என்று பார்த்தவர்கள். விடியுமுன் பனையில் ஏறுபவருக்குத்தான் கலயத்தில் வாய் வைத்த வௌவாலைத் தெரியும். இரவில் தோணியைத் தள்ளும் பரதவருக்குத்தான் எந்தத் தீவின் மேல் என்ன பறக்கிறது என்று தெரியும். வௌவால் விழித்திருக்கும் நேரத்தில் இந்த மாவட்டத்தில் விழித்திருப்பவர்கள் உழைக்கும் மக்கள்தான்.

கள ஆய்வின்போது அளத்துத் தொழிலாளியான மூத்த அம்மா ஒருவரிடம், தொழிற்சாலைக்காக முன்பு சர்வே எடுக்க வந்தவர்கள் உங்களிடம் பேசினார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அவிய பத்து மணிக்கு காருல வந்தாவ, மூணு மணிக்கெல்லாம் போயிட்டாவ. வவ்வா அந்நேரம் தூங்கும்லா தம்பி?" என்றார். ஒரு பல்கலைக்கழக ஆய்வு முறையியல் பாடத்தில் சொல்ல வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆனால் அவரது பெயர் எந்த அறிக்கையிலும் ஆய்வாளர் என்ற இடத்தில் வராது. வந்தால், "பட்டியல் சாதியினர் இத்தனை சதவீதம்" என்ற அட்டவணையில் ஓர் எண்ணாக வருவார்.

இந்த அட்டவணையைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகளின் சமூகப் பகுதியில் சாதி இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு விழுக்காடாக இருக்கிறது. காலனி எந்தத் திசையில் இருக்கிறது, காற்று எந்தத் திசையில் வீசுகிறது, புகை யார் வீட்டில் இறங்கும், ஊர்க்கிணறு யாருக்கு, நிலத்தடி நீர் கெட்டால் லாரித் தண்ணீர் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்பவை அதில் இருப்பதில்லை. உயிரினப் பகுதியில் வௌவாலைத் தவறவிடும் அதே கண்தான் சமூகப் பகுதியில் சாதியைத் தவறவிடுகிறது. இரண்டையும் பார்க்க, ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் போக வேண்டும்.

உள்ளூர் மக்களின் அறிவை வைத்து மதிப்பிட இயலாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தக் கடற்கரை அதற்கு நேர் சாட்சி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரசு கண்ணை மூடிக்கொண்டு ஏலம் அறிவித்துவிடாது. முதலில் முத்துக்குளிப்பவர்களைப் பாருக்கு அனுப்பும். அவர்கள் மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். எத்தனை சிப்பி, என்ன வயது, எவ்வளவு முத்து, என்ன விலை என்று மதிப்பிட்ட பிறகே குளிப்பு நடத்தலாமா, சிப்பி முதிர இன்னும் காத்திருக்கலாமா என்று முடிவாகும். தொலையிரம் பார் போன்ற பெயர்களை அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் எழுதிக்கொண்டது கடல் அறிந்தவர்களிடமிருந்துதான். முத்தில் வருவாய் இருந்ததால் உழைக்கும் மக்களின் அறிவு அரசுக்குத் தேவைப்பட்டது. அளவுக்கு மீறி எடுத்ததும் கடல் கெட்டதும் சேர்ந்து, 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. வௌவாலில் அரசுக்கு வருவாய் இல்லை. எனவே யாரையும் கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

உள்ளூரைக் கேட்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ரத்னகிரியிலிருந்தே இன்னொரு சாட்சி உண்டு. அங்கே ஆஷாபுரா நிறுவனத்தின் பாக்சைட் சுரங்கத்திற்காகத் தயாரான மதிப்பீட்டு அறிக்கை, ரஷ்யாவின் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டிருந்தது 2008 வாக்கில் அம்பலமானது. கொங்கண் கடற்கரைக்கு ரஷ்யக் குளிர்நாட்டுக் காடுகள் வந்துவிட்டன. தயாரித்தது உலகப் புகழ் பெற்ற ஓர் ஆலோசக நிறுவனம்.

வௌவாலுக்காக யாரை விரட்டுவது?

தோழர்கள் சிலருக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். மனிதர்களைச் சாகக் கொடுத்த ஊரில் வௌவாலுக்கு என்ன அவசரம்? சூழல் பாதுகாப்பு என்ற பெயரில் பழங்குடிகளையும் தலித்துகளையும் காட்டிலிருந்தும் கரையிலிருந்தும் வெளியேற்றிய வரலாறு நமக்குத் தெரியாதா?

தெரியும். தென்மாவட்டக் கோயில்களின் இருண்ட பிராகாரங்களில் வௌவால்கள் தலைமுறை தலைமுறையாகத் தொங்கின. அதே பிராகாரத்திற்குள் நம் முன்னோர் காலெடுத்து வைக்க முடியவில்லை. மகத் நகரின் சவுதார் குளத்தில் விலங்குகள் தண்ணீர் குடிக்கலாம், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர் குடிக்கக் கூடாது என்ற நிலையை எதிர்த்துத்தான் அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று அந்த நீரை அள்ளிக் குடித்தார். விலங்குக்குக் கிடைத்த இடம் மனிதனுக்குக் கிடைக்காத சமூகத்தில், விலங்கு நேயம் என்ற சொல்லைச் சந்தேகத்தோடு கேட்பது நியாயமே.

ஆனால் அந்தப் போராட்டம் விலங்குகளைக் குளத்திலிருந்து விரட்டுவதற்காக நடக்கவில்லை. பொதுவானது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக நடந்தது. இன்று பனங்காட்டையும் கண்மாயையும் கடலையும் தனியாருக்கு எழுதிக் கொடுக்கும்போது வௌவாலும் நாமும் ஒன்றாகத்தான் வெளியேற்றப்படுகிறோம். பனை போனால் வௌவாலுக்குத் தங்குமிடம் போகிறது, பனையேறிக்குத் தொழில் போகிறது. மரத்தை வெட்டாமல் இவர்களில் ஒருவரை மட்டும் வெளியேற்ற முடியாது.

எனவே எந்தப் பாதுகாப்பை ஆதரிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று நம்பியோ பசிக்கோ உண்டிகோலால் வௌவாலை அடித்த ஓர் ஏழை கைதாகிறார், படம் நாளிதழில் வருகிறது. நூற்றுக்கணக்கில் வௌவால்கள் தங்கிய தோப்பை முறையான அனுமதியோடு மொட்டையடித்தவருக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. முதலாமவரைப் பிடிப்பது மட்டுமே பாதுகாப்பு என்றால் அது சாதியப் பாதுகாப்பு. வேட்டையாடுகிறவரிடம் மாற்று வாழ்வாதாரத்தையும் நோய் ஆபத்தையும் பேசலாம், பேச வேண்டும். ஆனால் அவரைக் குற்றவாளியாக்கிவிட்டு வாழிடத்தை விற்பதை ஏற்க முடியாது.

நோய் என்றதும் நிபா நினைவுக்கு வரும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிகள் வெடித்த அதே நாட்களில், கோழிக்கோட்டில் நிபா பரவிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வௌவால் என்றாலே நோய் என்ற பயம் பரவியது, கொரோனா அதைப் பெருக்கியது. தொற்று ஆபத்து உண்மையானது. அணில், வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது, வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. ஆனால் அவற்றின் தோப்பை அழித்து ஊருக்குள் விரட்டினால் மனிதரோடு நெருக்கம் கூடுமே தவிரக் குறையாது. ஓர் உயிரை அசுத்தமானது என்று முத்திரை குத்தி ஒதுக்கும் மனநிலையை வேறு யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே எழுதி வைப்போம்

நம்பிக்கை தரும் சான்றுகளும் உண்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் அனுமனஹள்ளி என்ற கிராமம். கோலார் இலைமூக்கு வௌவால் என்ற இனம் உலகில் அங்கே மட்டுமே வாழ்கிறது. கிரானைட் குவாரிகள் பாறைகளைத் தின்றுகொண்டிருந்தபோது, ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குகைகளுக்குள் இறங்கி எண்ணினார்கள். எஞ்சியிருந்தவை 200-க்கும் குறைவு, தங்கியிருந்தது ஒரே ஒரு குகையில். அந்தப் பதிவு இருந்ததால்தான் அதிமிக ஆபத்தில் உள்ள இனம் என்ற தகுதி கிடைத்தது, குவாரிப் பணிகள் நிறுத்தப்பட்டன, குகையைச் சுற்றிய நிலத்திற்குப் பாதுகாப்பு வந்தது. பக்கத்தில் வேலை தொடங்கிய பிறகும் ஒரு நேர்மையான கணக்கெடுப்பால் இவ்வளவு செய்ய முடிந்தது.

மதுரை அரிட்டாபட்டி இன்னும் அருகில் உள்ள பாடம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்திற்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் போனது. மேலூர் வட்டார மக்கள் மதுரைக்கு நடந்து வந்து போராடினார்கள். 2025 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பதிவு மட்டும் இருந்திருந்தால் சுரங்கம் நின்றிருக்காது. ஆனால் போராடிய மக்களின் கையில் அந்தப் பதிவு ஓர் ஆயுதமாக இருந்தது.

தூத்துக்குடிக்கும் இப்போது அந்த ஆயுதம் தேவை. சில்லாநத்தத்தில் மின்வாகன ஆலை வந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. துறைமுகம் விரிகிறது. வேலைவாய்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாத பட்டதாரிகள் நிறைந்த தெருவிலிருந்துதான் எழுதுகிறேன். நிலத்தை ஒப்படைப்பதற்கு முன் அங்கே யார் இருக்கிறார்கள் என்று நேர்மையாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதன்படி நாம் வலியுறுத்த வேண்டியவை இவை:

முதலாவது, உயிரினக் கணக்கெடுப்பு ஆண்டின் எல்லாப் பருவங்களிலும், இரவிலும் நடக்க வேண்டும். அட்டவணையில் உள்ள உயிர், இல்லாத உயிர் என்று பிரிக்காமல், வௌவால்கள் தங்கும் மரம், கிணறு, மண்டபம் அனைத்தும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

இரண்டாவது, ஆலோசகரை நிறுவனம் அமர்த்தக் கூடாது. நிறுவனம் பணத்தை ஒரு பொது நிதியில் செலுத்தட்டும். ஆய்வாளரை அந்த நிதியிலிருந்து, நிறுவனத்தின் கைக்கு எட்டாத ஓர் அமைப்பு நியமிக்கட்டும்.

மூன்றாவது, பனையேறிகள், உப்பளப் பெண்கள், மீனவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் கூலி பெறும் கணக்கெடுப்பாளர்களாக, அவர்கள் விரும்பினால் பெயரோடு, அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

நான்காவது, சுருக்கம் மட்டுமல்ல, முழு அறிக்கையும் தமிழில் வர வேண்டும். 2020-இன் வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இந்த நாட்டின் நிலையைக் காட்டும். கருத்துக் கேட்பு, காலனி மக்கள் அஞ்சாமல் வந்து பேசக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். சாதியை விழுக்காடாக அல்ல, நிலம், நீர், காற்று யாருக்கு எப்படிச் சேர்கிறது என்ற வரைபடமாக எழுத வேண்டும்.

ஐந்தாவது, இது அரசிடம் கேட்பது அல்ல, நாமே செய்ய வேண்டியது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாங்கிப் பாருங்கள். அதில் வௌவால் இருக்கிறதா, காலனியிலிருந்து யாராவது அந்தக் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்பார்கள் நம் ஊரில். கேலியாகச் சொல்வது. ஆனால் வீடே போய்விட்டால் தொங்குவதற்குக் கிளையும் இருக்காது, யாருக்கும். அடுத்த அறிக்கையில் "காணப்படவில்லை" என்ற வரி வரும்போது அதை மறுக்க நம்மிடம் தேதியோடு, இடத்தோடு, எண்ணிக்கையோடு, பார்த்தவர் பெயரோடு ஓர் ஏடு இருக்க வேண்டும். அந்த ஏட்டை எழுதும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.